பள்ளி மைதானத்தின் தலைசிறந்த ஓட்டக்காரர் யார்?

டெக்சஸ் மாநிலத்தில் சுகர் லேண்ட் என்று ஓர் ஊர். இம்பீரியல் சர்க்கரை ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. அந்த ஊர்ப் பள்ளிக்காக 1950 முதல் 1953 வரை அமெரிக்கக் கால்பந்து ஆடிய கென் ஹால், பந்தோடு ஓடியே மொத்தம் 11,232 கெஜம் சேர்த்தார். அந்த எண் 59 ஆண்டுகள் அசையவில்லை. 2012-ல் ஃபுளோரிடா மாநிலத்தின் யூலி பள்ளி மாணவர் டெரிக் ஹென்றி 12,124 கெஜத்தோடு அதைத் தாண்டினார். முதலிடம் யாருக்கு என்ற வழக்கு அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இன்றும் டெக்சஸ்காரர்கள் ஹால் என்பார்கள், ஏர்ல் கேம்ப்பெல் என்பார்கள். ஜார்ஜியாவில் கேட்டால் ஹெர்ஷல் வாக்கர், மிசிசிப்பியில் கேட்டால் மார்கஸ் டுப்ரீ.

இவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். அதிகம் ஓடியவர் யார், வலிமையான அணிகளுக்கு எதிராக ஓடியவர் யார், பின்னாளில் பெரிய ஆளானவர் யார் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் பள்ளிப் பையனைப் பள்ளிப் பையனாக எடைபோட முடியும்.

ஒரு கெஜம் எப்படிச் சேர்கிறது

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: களத்தின் நீளம் 100 கெஜம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்புகள். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் டச் டவுன், ஆறு புள்ளி. முன்னேற இரண்டு வழி உண்டு: பந்தை எறிவது, அல்லது ஏந்திக்கொண்டு ஓடுவது. ஓடுவதைத் தொழிலாகக் கொண்டவர் ரன்னிங் பேக்.

அவருடைய வேலை பெரும்பாலும் மூன்று நான்கு வினாடிகளில் முடிந்துவிடும். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை அவர் வயிற்றில் வைக்கிறார். முன்னால் இரு பக்கத்து ஆட்களும் மோதிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தச் சுவரில் எங்கே ஓர் ஆள் புகும் இடைவெளி திறக்கும் என்று திறப்பதற்கு அரைக் கணம் முன்பே அவர் கண்டுகொள்ள வேண்டும். சீக்கிரம் போனால் தன் அணிக்காரரின் முதுகில் முட்டுவார். தாமதித்தால் கதவு மூடிவிடும். உள்ளே நுழைந்ததும் லைன்பேக்கர் வருவார். அவரை இடித்துத் தள்ளலாம், காலை மாற்றி ஏமாற்றலாம், கையை நீட்டி விலக்கலாம். அதையும் கடந்தால் கடைசிக் காவலர் எந்தக் கோணத்தில் ஓடி வருகிறார் என்று கணித்து ஓட வேண்டும். விழுந்த இடத்தில் பந்தை வைப்பார்கள். பக்கவாட்டில் அட்டையும் பென்சிலுமாக நிற்பவர் பழைய கோட்டையும் புதிய கோட்டையும் பார்த்து முழு எண்ணாகக் குறித்துக்கொள்வார். நாம் இங்கே அடுக்கும் ஆயிரக்கணக்கான கெஜங்களில் பழையவை எல்லாம் இப்படிப் பள்ளிக்காரர்கள் குறித்து வைத்த முழு எண்களின் கூட்டல்தான்.

எண்களின் கட்சி

எண்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு வழி எளிது. ஹென்றி 12,124. ஹால் 11,232. நியூயார்க் மாநிலத்தின் ஒனொண்டாகா பள்ளிக்கு 2003 வரை ஆடிய மைக் ஹார்ட் 11,045 கெஜம், 204 டச் டவுன். பென்சகோலா நகரின் எஸ்கேம்பியா பள்ளியில் 1983 முதல் 1986 வரை ஆடிய எம்மிட் ஸ்மித் 8,804. டெக்சஸின் மிட்லண்ட் லீ பள்ளியில் செட்ரிக் பென்சன் 8,423. ஹூக்ஸ் என்ற சிற்றூரில் மூன்றே ஆண்டு ஆடிய பில்லி சிம்ஸ் 7,738.

கூட்டுத்தொகையை ஆட்டங்களால் வகுத்தால் படம் மாறத் தொடங்குகிறது. 1953-ல் ஹால் 12 ஆட்டங்களில் 4,045 கெஜம் ஓடினார், ஆட்டத்துக்கு 337. 2012-ல் ஹென்றி 13 ஆட்டங்களில் 4,261, ஆட்டத்துக்கு 328. அதாவது சாதனையை முறியடித்த ஆண்டில்கூட ஆட்டக் கணக்கில் ஹென்றி ஹாலுக்குப் பின்னால்தான் நிற்கிறார். ஒரே சீசனை எடுத்துக்கொண்டால் இருவருக்கும் மேலே இன்னொருவர் இருக்கிறார்: நியூ ஜெர்சியின் நெட்காங் பள்ளி மாணவர் ஜான் ஜியனன்டோனியோ, 1950-ல் 4,756 கெஜம். ஆனால் தலைசிறந்தவர் யார் என்ற பேச்சில் அவர் பெயரை யாரும் எடுப்பதில்லை. எண்தான் தீர்ப்பு என்பவர்களே தங்கள் எண்ணை முழுதாக நம்புவதில்லை என்பதற்கு இது போதும்.

ஹாலின் கணக்கில் ஓர் ஆட்டம் எப்போதும் பேசப்படும். 1953-ல் ஹூஸ்டன் லூத்தரன் பள்ளிக்கு எதிராக அவர் பந்தோடு ஓடியது 11 முறை. சேர்த்தது 520 கெஜம். ஓட்டத்துக்கு 47 கெஜம், ஏறக்குறைய அரை மைதானம். ஆட்டம் கைக்கு வந்துவிட்டதால் பல நாட்கள் அவரை இடைவேளைக்குப் பிறகு இறக்கவே இல்லை என்பார்கள் அவருடைய கட்சிக்காரர்கள். முழு ஆட்டமும் ஆடியிருந்தால் 59 என்ன, 100 ஆண்டு நின்றிருக்கும் என்பது அவர்கள் வாதம். அதே 520 கெஜத்தை எதிர்க்கட்சி வேறு மாதிரி படிக்கிறது: ஒருவர் ஒவ்வொரு முறையும் அரை மைதானம் ஓடினால், எதிரே அணி என்று ஏதாவது நின்றதா?

நம் ஊர் வாசகருக்கு இந்தச் சந்தேகம் புதிதல்ல. 2016-ல் மும்பை பள்ளிக் கிரிக்கெட்டில் பிரணவ் தனவடே ஆட்டமிழக்காமல் 1,009 ரன் குவித்தபோது உலகமே வியந்தது. எதிரணி இரண்டு இன்னிங்ஸில் 31, 52 என்று சுருண்டது பிறகுதான் கண்ணில் பட்டது. ரன் பொய்யில்லை. ஆனால் அந்த ரன் யார் எடுத்தது என்பதைப் போலவே யாரிடம் எடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

எதிரணியின் கட்சி

அமெரிக்க மாநிலங்கள் மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிவு பிரிக்கின்றன. இருபது பேரைத் திரட்டவே திண்டாடும் ஊர்ப் பள்ளி ஒரு பிரிவில்; ஆயிரக்கணக்கான மாணவர்களிலிருந்து அணியைத் தேர்ந்தெடுக்கும் நகரப் பள்ளி மேல் பிரிவில். ஹாலின் சுகர் லேண்ட் ஆடியது கீழ்ப் பிரிவில்.

ஏர்ல் கேம்ப்பெல் ஆடியதோ டெக்சஸின் அன்றைய உச்சப் பிரிவான 4ஏ-யில். ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர்போன டைலர் நகரம். ஜான் டைலர் பள்ளி. முதலில் அவரை லைன்பேக்கராக, அதாவது தடுப்பவராகவே பயன்படுத்தினார்கள். 1973-ல் முழுநேர ஓட்டக்காரராக்கியதும் அணி 15 ஆட்டங்களையும் வென்றது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் நடந்த ஃபைனலில் ஆஸ்டின் ரேகன் பள்ளியை 21-14 என்று தோற்கடித்து மாநிலப் பட்டம் பெற்றது. அந்த ஆண்டு கேம்ப்பெல் ஓடியது 2,224 கெஜம், ஆட்டத்துக்கு 148. ஹாலின் கணக்கில் பாதிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் எதிரே நின்றவர்கள் ஒரு பெரிய நகரம் சலித்தெடுத்த பதினொரு பேர். பந்து யாரிடம் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும், அரங்கத்துக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. அந்த 148-ஐ ஹாலின் 337-க்குக் கீழே வைக்க என் கை வரவில்லை.

இதே தராசில் செட்ரிக் பென்சனும் உயர்கிறார். அவர் காலத்தில் டெக்சஸின் மேல் பிரிவு 5ஏ. அதில் 1998, 1999, 2000 என மூன்று ஆண்டும் மிட்லண்ட் லீ சாம்பியன். அந்த மூன்று ஃபைனல்களில் மட்டும் பென்சன் 15 டச் டவுன் போட்டார். கடைசி ஆட்டத்தில், எஞ்சியிருக்கும் ஒரே அணிக்கு எதிராகப் போட்டவை அவை.

அப்படியானால் சிறிய பள்ளிப் பையன்களின் கணக்கு எல்லாம் வெறும் காற்றா? அதையும் ஒப்புக்கொள்ள முடியாது. ஹூக்ஸிலிருந்து வந்த சிம்ஸ் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1978-ல் கல்லூரிக் கால்பந்தின் உச்ச விருதான ஹைஸ்மனை வாங்கினார். ஒனொண்டாகாவிலிருந்து வந்த ஹார்ட், மிச்சிகன் பல்கலைக்கழக வரலாற்றிலேயே அதிகம் ஓடியவரானார். ஹெர்ஷல் வாக்கர், ஜார்ஜியாவின் ரைட்ஸ்வில் என்ற சிற்றூரில், மாநிலத்தின் கடைப் பிரிவில் ஆடியவர். 1979-ல் 3,167 கெஜம் ஓடித் தன் பள்ளிக்குப் பட்டம் வாங்கித் தந்தார். குண்டு எறிதலிலும் குறுந்தொலைவு ஓட்டத்திலும் ஒருசேரப் பள்ளிக்கு வெற்றி தேடித் தந்த உடம்பு அது. மறு ஆண்டே கல்லூரியின் முதலாண்டு மாணவராக ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைத் தேசியப் பட்டத்துக்கு இழுத்துச் சென்றார். ஹென்றியும் 2015-ல் ஹைஸ்மன் வாங்கினார், 2020-ல் என்.எஃப்.எல். தொழில்முறை ஆட்டத்தில் ஒரே சீசனில் 2,027 கெஜம் ஓடினார். கீழ்ப் பிரிவில் குவித்த எண் பொய்யாகவே இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. அது நிரூபிக்கப்படாத எண், அவ்வளவுதான். நிரூபிக்க வாய்ப்புக் கிடைத்த சிலர் நிரூபித்தார்கள்.

பட்டியலில் இடம் மறுக்கப்பட்டவர்கள்

எதிரணியின் தரம் என்று பேசினால் நிறப் பிரிவினையைப் பேசாமல் தாண்ட முடியாது. ஹால் ஆடிய 1950-களின் டெக்சஸில் வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தாருக்கு வேறு பள்ளி. ஒருவரோடு ஒருவர் மோதும் பேச்சே கிடையாது. கறுப்பினப் பள்ளிகளுக்கு பிரெய்ரி வியூ லீக் என்று தனி அமைப்பு இருந்தது. 1920-ல் தொடங்கி 1970 வரை நீடித்தது. பல ஊர்களில் மைதானம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை இரவு வெள்ளையர் பள்ளிக்கு ஒதுக்கப்பட்டதால் இவர்கள் புதனோ வியாழனோ ஆடினார்கள்.

அந்த லீக் ஏனோதானோ லீக் இல்லை. பியூமான்ட் நகரின் ஹீபர்ட் பள்ளியில் ஆடிய மெல் ஃபார் பின்னாளில் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் நட்சத்திர ஓட்டக்காரர். ஜோ கிரீன், பபா ஸ்மித், கென் ஹூஸ்டன் ஆகியோரும் அங்கிருந்து வந்தவர்களே. ஹால் ஓடிய அதே வாரங்களில் பக்கத்து ஊர்களில் இவர்களுக்கு முந்திய தலைமுறை ஆடிக்கொண்டிருந்தது. ஹால் அவர்களில் ஒருவரைக்கூட எதிர்கொள்ளவில்லை. அவர்களில் ஹாலைவிட வேகமாக ஓடியவர் யாராவது இருந்தாரா என்று சொல்ல வழியும் இல்லை. ஏனென்றால் வெள்ளையர் பள்ளிகளின் கணக்கைப் பத்திரிகைகள் எழுதி வைத்த அக்கறையோடு இவர்கள் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. இதில் ஹாலின் குற்றம் எதுவும் கிடையாது. ஆனால் "எல்லாக் காலத்துக்கும் தலைசிறந்தவர்" என்ற பட்டத்தை 1970-க்கு முந்திய தென் மாநிலத்துக்காரர் எவருக்குக் கொடுத்தாலும் அதில் பாதிப் போட்டியாளர்கள் விடுபட்டிருக்கிறார்கள்.

மாற்றம் வந்த கணத்தையும் இந்த ஓட்டக்காரர்கள் வழியாகவே பார்க்கலாம். டைலர் நகரின் கறுப்பினப் பள்ளியான எம்மெட் ஸ்காட் 1970-ல் நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டது. அந்த உத்தரவு இல்லையென்றால் கேம்ப்பெல் ஜான் டைலர் சட்டையையே அணிந்திருக்க மாட்டார். மிசிசிப்பியின் கொலம்பியாவில் வால்டர் பேட்டன் ஜெஃபர்சன் என்ற கறுப்பினப் பள்ளியில் தொடங்கி, 1970-ல் பள்ளிகள் இணைக்கப்பட்டதும் கொலம்பியா பள்ளி அணிக்கு ஓடினார். அப்படியும் தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ஜாக்சன் ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரிதான் சேர்த்துக்கொண்டது.

மார்கஸ் டுப்ரீயின் ஊர் இதே மாநிலத்தின் ஃபிலடெல்ஃபியா. 1964 ஜூனில் மூன்று குடிமை உரிமைப் போராளிகள் கொல்லப்பட்டது அந்த ஊரை ஒட்டித்தான். டுப்ரீ பிறந்தது அதற்கு முந்திய மாதம். இரு நிறப் பிள்ளைகளும் முதல் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படித்து வெளிவந்த வகுப்பு அவருடையது. 1981 முடியும்போது அவர் கணக்கில் 87 டச் டவுன். வாக்கரின் 86-ஐவிட ஒன்று கூடுதல். வெள்ளிக்கிழமை இரவுகளில் இரு நிறத்தவரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து அவர் பெயரைக் கூவினார்கள். அவரைத் தங்கள் பக்கம் இழுக்க ஓக்லஹோமாவின் உதவிப் பயிற்சியாளர் வாரக்கணக்கில் அந்த ஊரிலேயே தங்கினார். எழுத்தாளர் வில்லி மாரிஸ் 1983-ல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஒரு பள்ளி ஓட்டக்காரர் தன் ஊருக்கு என்னவாக இருந்தார் என்பதை அளவுகோலாக வைத்தால் டுப்ரீக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

பின்னாள் புகழின் கட்சி

மூன்றாவது கட்சிதான் அதிகம் குழப்புகிறது. பேரி சாண்டர்ஸ் பெயர் இந்த விவாதத்தில் வராமல் போகாது. கல்லூரியில் 1988-ல் ஒரே சீசனில் 2,628 கெஜம், பிறகு டெட்ராய்ட்டில் பத்து ஆண்டு மாயாஜாலம். ஆனால் பள்ளியில்? விசிட்டா நார்த் பள்ளியில் கடைசி ஆண்டின் சில வாரங்கள் போன பிறகுதான் அவரை முதன்மை ஓட்டக்காரராக்கினார்கள். அந்த ஆண்டுக் கணக்கு 1,417 கெஜம். ஆள் குள்ளம் என்று பெரிய கல்லூரிகள் ஒதுக்கின. போ ஜாக்சனும் அப்படித்தான். அலபாமாவின் மெக்கடோரி பள்ளியில் கடைசி ஆண்டு 108 ஓட்டம், 1,173 கெஜம். ஓட்டத்துக்கு ஏறக்குறைய 11 கெஜம், அபாரம்தான். ஆனால் அவரைப் பள்ளிக் கால ஜாம்பவான்கள் பட்டியலில் சேர்ப்பவர்கள் மனதில் ஓடுவது பிற்காலத்து ஜாக்சன்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் அநியாயம் நடப்பது ஹாலுக்கும் டுப்ரீக்கும். டெக்சஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்குப் போன ஹாலுக்குப் பயிற்சியாளர் பேர் பிரையண்ட்டின் முறை ஒத்துவரவில்லை. ஓடவிட வேண்டியவரை முட்டி மோதும் இடத்திலும் தடுக்கும் இடத்திலும் நிறுத்தினார்கள், ஹால் வெளியேறினார். தொழில்முறை ஆட்டத்திலும் பெரிதாக நிலைக்கவில்லை. ஓக்லஹோமாவுக்குப் போன டுப்ரீ 1983-ல் ஃபியஸ்டா பவுல் என்ற கல்லூரி ஆட்டத்தில் 17 ஓட்டத்தில் 239 கெஜம் ஓடிக் காட்டினார். அதே ஆண்டு ஓக்லஹோமாவை விட்டு விலகினார். புதிய தொழில்முறை லீக் ஒன்றில் 20 வயது நிறையுமுன் சேர்ந்தார். 1985-ல் முழங்கால் போனது. ஐந்து ஆண்டு கழித்து ராம்ஸ் அணியில் திரும்ப வந்தாலும் அது பழைய டுப்ரீ இல்லை. இவற்றைக் காட்டி "பார்த்தீர்களா, பள்ளியில் ஆடியதெல்லாம் சும்மா" என்கிறார்கள். பயிற்சியாளரோடு வந்த பிணக்கும் முழங்கால் முறிவும் 17 வயதில் ஓடிய ஓட்டத்தை எப்படிப் பின்னோக்கிப் போய் அழிக்கும்?

பிற்கால வாழ்க்கையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது. சிம்ஸும் ஹார்ட்டும் பின்னாளில் சாதித்தது, சிறிய ஊரில் அவர்கள் குவித்தது போலியில்லை என்பதற்குச் சாட்சி. அந்த அளவோடு அதன் வேலை முடிந்தது. சாண்டர்ஸ் பின்னாளில் மேதையானார் என்பதற்காக 1985-ன் இலையுதிர் காலத்தை நாம் திருத்தி எழுத வேண்டியதில்லை.

என் தீர்ப்பு

மூன்று கட்சிக்காரர்களையும் கேட்ட பிறகு, பள்ளிக் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்று அளவுகோல் வைக்கிறேன். ஓரிரு சீசன் அல்லாமல் நெடுகச் செய்தாரா? பலமான, எல்லோருக்கும் கதவு திறந்திருந்த போட்டியில் செய்தாரா? அவர் ஓட்டம் அணியைக் கடைசி ஆட்டம் வரை கொண்டுபோய் வெல்ல வைத்ததா?

மூன்றிலும் தேறுபவர் எம்மிட் ஸ்மித். ஒன்பதாம் வகுப்பிலிருந்தே முதல் அணியில். 49 ஆட்டங்களில் 45-ல் நூறு கெஜத்துக்கு மேல். ஓடியது ஃபுளோரிடாவின் பெரிய அரசுப் பள்ளிகளுக்கு எதிராக, நிறப் பிரிவினைக்குப் பிந்திய களத்தில். 1984-லும் 1985-லும் எஸ்கேம்பியாவுக்கு மாநிலப் பட்டம். அவர் பள்ளியை முடித்தபோது நாட்டில் அவருக்கு மேலே இருந்த ஒரே பெயர் ஹால். வேகம் போதாது என்று சில தேர்வாளர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த வேகக் குறைவோடுதான் அவர் நான்கு ஆண்டு யார் கையிலும் அகப்படாமல் ஓடினார். இடைவெளி திறக்குமுன் அதைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. பின்னாளில் என்.எஃப்.எல். வரலாற்றிலேயே அதிகமாக 18,355 கெஜம் ஓடினார் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்காமலே அவர் முன்னால் நிற்கிறார்.

ஒரே சீசன் என்றால் என் வாக்கு 1973-ன் கேம்ப்பெல்லுக்கு. நீடித்து ஆடியதை விட்டுவிட்டு, கடைசி ஆட்டங்களின் கனத்தை மட்டும் பார்ப்பவர் பென்சனைத் தேர்ந்தால் மறுக்க மாட்டேன். இதற்கு வலுவான ஆட்சேபம் ஹென்றி பக்கமிருந்து வரும். 48 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 253 கெஜம், ஸ்மித்தோ 180. அந்த 73 கெஜ இடைவெளியை நான் மறைக்கவில்லை. ஆனால் யூலி மாநிலப் பட்டம் வென்றதில்லை. அணியின் மொத்தச் சுமையும் ஹென்றி தோளில் இருந்ததும் அந்த எண் அவ்வளவு பெருத்ததற்கு ஒரு காரணம். எஸ்கேம்பியா, பட்டத்துக்கான சுற்றுகளில் பலசாலி அணிகளைத் தொடர்ந்து சந்தித்தது. அங்கே ஓடிய கெஜத்துக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். அந்த எடையை ஏற்காதவர் ஹென்றியை முதலில் வைக்கட்டும். அவர் வாதத்தில் ஓட்டையில்லை.

ஹால் இரண்டாம் இடத்திலிருந்து இறங்க வேண்டியவர் அல்ல. தன் முன்னால் நிறுத்தப்பட்ட எல்லோரையும் அவர் கடந்தார். யாரை நிறுத்தினார்கள், யாரை நிறுத்தவில்லை என்பது அந்தக் காலத்து டெக்சஸ் எடுத்த முடிவு. ஹென்றியின் 12,124-ஐயும் நாளை ஒருவர் தாண்டுவார். அன்று செய்தித்தாள் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடும்போது, பக்கத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கையையும் பள்ளி ஆடிய பிரிவையும் எதிரணிகளின் பெயர்களையும் சேர்த்தே போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த தலைமுறையும் ஆளுக்கொரு கேள்வியை வைத்துக்கொண்டு ஒரே பதிலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.